தெரு குரூப்பில் கட்சிப் பகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்கும் அதை ஒட்டிய மூன்று சந்துகளுக்கும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு தொடங்கினோம். அன்றிலிருந்து நானும் ஒரு அட்மின். தண்ணீர் லாரி, கரண்ட் கட், ரேஷன், காணாமல் போன நாய்க்குட்டி, இரங்கல் செய்தி என்றுதான் ஆரம்பித்தது. இப்போது பாதி நாள் கட்சிச் சண்டையை விலக்கிவிடுவதிலேயே போகிறது. சனிக்கிழமை மாலை படிப்பகத்தில் உட்கார்ந்தால், காசிமேட்டிலும் கொருக்குப்பேட்டையிலும் இதேபோல் குரூப் நடத்துகிறவர்கள் வருவார்கள், அக்கம்பக்கத்தாரும் வருவார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். படித்ததையும் பட்டதையும் வைத்துத்தான் பதில்.

கட்சிச் சண்டை நம்ம ஏரியாவுக்குப் புதுசா? இதுக்குப் போய் ஏன் இவ்வளவு கவலை?

சண்டை புதிதில்லை. 1949 செப்டம்பரில் திமுகவின் தொடக்கக் கூட்டம் நடந்ததே ராயபுரம் ராபின்சன் பூங்காவில்தான். ஒரே வீட்டில் அப்பா உதயசூரியன், பிள்ளை இரட்டை இலை, பாட்டி கை சின்னத்தைத் தவிர வேறெதற்கும் குத்தமாட்டேன் என்று இருப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். டீக்கடையில் தொண்டை கட்டும்வரை பேசுவார்கள். மறுநாள் காலை அதே பெஞ்சில் ஒருவர் காசில் இன்னொருவர் டீ குடிப்பார்.

எனக்குக் கவலை அந்த டீ நின்றுபோனதில். கொள்கையில் முன்னைவிடத் தூரமாகப் போய்விட்டோமா என்றால், எனக்கு அப்படித் தெரியவில்லை. குடிதண்ணீர், ரேஷன், பிள்ளை படிப்பு என்று எதைக் கேட்டாலும் எங்கள் தெருவில் எல்லாக் கட்சிக்காரரும் கிட்டத்தட்ட ஒன்றையேதான் கேட்கிறார்கள். ஆனால் அடுத்த கட்சிக்காரர் என்றாலே கெட்டவர், காசு வாங்கியவர், புத்தி இல்லாதவர் என்ற எண்ணம் முதலில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. இதைத்தான் இந்தப் பக்கத்தில் மனப்பிளவு என்று சொல்கிறேன். கருத்து வேறாக இருப்பது ஒன்று, ஆளையே வெறுப்பது இன்னொன்று.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்தோ ஐயங்காரும் உடன் இருந்தவர்களும் 2012ல் இதைப் பற்றி எழுதினார்கள். கொள்கையை விட்டுவிட்டு உணர்வை அளந்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி நம் ஊர்க்காரர் கேட்பது போலவே இருக்கும்: உங்கள் பிள்ளை எதிர்க்கட்சி வீட்டில் சம்பந்தம் செய்தால் வருத்தப்படுவீர்களா? 1960ல் அமெரிக்காவில் ஆமாம் என்றவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுதான். 2010ல் குடியரசுக் கட்சிக்காரர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், ஜனநாயகக் கட்சிக்காரர்களில் மூன்றில் ஒரு பங்கினர் ஆமாம் என்றார்கள். நம் ஊரில் சம்பந்தத்துக்குக் குறுக்கே நிற்பது இன்னும் சாதிதான், கட்சி இல்லை. அந்தக் கணக்கை அப்படியே இங்கே தூக்கி வைக்க முடியாது. ஆனால் கல்யாணப் பத்திரிகை வைக்காமல் விடுவது தொடங்கிவிட்டது. எங்கள் தெருவிலேயே இரண்டு வீடுகளில் பார்த்துவிட்டேன்.

போன் வர்றதுக்கு முன்னாடி இதெல்லாம் இல்லவே இல்லையா?

இருந்தது, அதை மறைக்கக் கூடாது. பெரம்பூர் பி அண்ட் சி மில் தொழிலாளர்களை வைத்து 1918ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பி.பி.வாடியா, திரு.வி.க. பேரெல்லாம் அதோடு சேர்ந்தது. இந்தியாவிலேயே ஆரம்பகாலத் தொழிற்சங்கங்களில் ஒன்று என்று இன்றும் பெருமையாகச் சொல்கிறோம். மூன்றே வருடத்தில், 1921 வேலைநிறுத்தத்தில், அந்தத் தொழிலாளர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள், மற்றவர்கள் வெளியே நின்றார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. அன்றைக்கு யாரிடமும் போன் இல்லை. கூலிப் பிரச்சினையில் ஒரே பக்கம் நின்றவர்களைச் சாதி பிரித்துவிட்டது.

அதனால் 'எல்லாம் இந்த போனால் வந்தது' என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை. விரிசல் ஏற்கெனவே இருந்த இடத்தில்தான் போன் உளி வைக்கிறது.

அப்போ போன் புதுசா என்னதான் செய்யுது?

இதுதான் முக்கியமான கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில், சூடான பேச்சுக்குத் தனி ஓட்டம் கொடுக்கிறது. 2017ல் வில்லியம் பிராடி என்பவரும் மற்றவர்களும் லட்சக்கணக்கான ட்விட்டர் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். 'வெட்கங்கெட்ட', 'துரோகம்' மாதிரி நியாய அநியாயமும் உணர்ச்சியும் கலந்த சொல் ஒன்று கூடினால், பகிர்வு ஏறக்குறைய 20 சதவீதம் கூடியது. 2021ல் வந்த இன்னொரு ஆய்வு ஃபேஸ்புக், ட்விட்டர் இரண்டிலும் 27 லட்சம் பதிவுகளைப் பார்த்தது. எதிரணியைக் குறிக்கும் சொல் ஒன்று கூடினால் அந்தப் பதிவு பகிரப்படும் வாய்ப்பு 67 சதவீதம் ஏறியது. தன் கட்சியைப் புகழ்ந்து எழுதினால் இந்த அளவுக்கு ஓடாது, எதிர்க்கட்சியைத் திட்டினால்தான் ஓடும். எங்கள் தெருப் பையன் ஒருவன் ரீல்ஸ் போடுகிறான். அவனுக்கு எந்த ஆராய்ச்சியும் தெரியாது. 'நம்மாளு நல்லது பண்ணா எரநூறு வியூஸ்ணா, அவனை ஓட்டுனா இருபதாயிரம்' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டான்.

அப்புறம், கம்பெனிகளும் இதற்கு எண்ணெய் ஊற்றின. ஃபேஸ்புக் 2017ல் கோப முகம் உள்ளிட்ட எமோஜிகளுக்கு லைக்கைப் போல ஐந்து மடங்கு மதிப்பு வைத்திருந்தது 2021ல் வெளிவந்த அதன் உள் ஆவணங்களில் தெரிந்தது. ஒரு பதிவைப் பார்த்து ஆயிரம் பேர் கோபப்பட்டால், ஐயாயிரம் பேர் விரும்பியதுபோல அது மேலே ஏறும். பிறகு படிப்படியாகக் குறைத்து, 2020ல்தான் கோப முகத்தின் மதிப்பைப் பூஜ்யம் ஆக்கினார்கள். அந்த மூன்று வருடத்தில் எத்தனை வீட்டில் பேச்சு நின்றது என்று யாரும் கணக்கு எடுக்கப்போவதில்லை. எனக்கு இதில் ஆத்திரம் உண்டு.

மூன்றாவதை எந்த ஆய்விலும் நான் படிக்கவில்லை, தெருவில் நின்று பார்த்தது. ஒரு மனிதரைப் பற்றித் தெருவுக்குப் பத்து விஷயம் தெரியும். ஹார்பரில் வேலை, சக்கரை வியாதி, பொண்ணு பிளஸ் டூவில் நல்ல மார்க், ராத்திரி பத்து மணிக்கு மேல் டிவியை அலறவிடுவார், யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதல் ஆளாக ஆட்டோ பிடித்து வருவார், அப்புறம் இன்ன கட்சி. போனில் இந்தப் பத்தில் ஒன்பது காணாமல் போய்விடுகிறது. புரொஃபைல் படத்தில் தலைவர், ஸ்டேட்டஸில் கொடி, கீழே நேற்று ஃபார்வர்டு செய்த மீம். அதைப் பார்த்துத்தான் நாம் பதில் போடுகிறோம், அந்த ஆட்டோ பிடித்து வந்த மனிதருக்கு இல்லை. ரேஷன் கடை வரிசையில் அவர் பக்கத்தில் நின்றிருந்தால் அந்த வார்த்தை நம் வாயில் வந்தே இருக்காது.

வாட்ஸ்அப்பில்தான் அல்காரிதம் கிடையாதே? அங்கே ஏன் சண்டை?

எந்தப் பதிவை மேலே காட்டுவது என்று தீர்மானிக்கும் அந்த அல்காரிதம் வேலையை நாமே செய்கிறோம். வெளியே ஓடிச் சூடேறிய வீடியோவைப் பொறுக்கி எடுத்துக் குரூப்பில் போடுவது மனிதக் கைதான்.

'ஆளாளுக்கு ஒரு அடைமொழி' பத்தி நீங்க அடிக்கடி சொல்றீங்களே, அது என்ன?

இருநூறு ரூபாய் உ.பி., அடிமை, சங்கி, டம்ளர், தற்குறி. ஒவ்வொரு கட்சிக்காரரையும் இழிவாகக் கூப்பிட ஒன்று இருக்கிறது. இந்தச் சொற்கள் வந்த பிறகு வாதம் செய்யவேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. ஒரு பெரியவர் கழிவுநீர்க் குழாய் உடைந்ததைப் பற்றி நாலு வரி எழுதினார். பதில் ஒரே சொல், மேலே சொன்னதில் ஒன்று. அவருக்கு அறுபத்தெட்டு வயது, மில்லில் வேலை பார்த்தவர். என்னிடம் வந்து 'அப்டின்னா இன்னாபா அர்த்தம்?' என்று கேட்டார். அர்த்தம் சொன்னேன். அதன் பிறகு அவர் குரூப்பில் எதுவுமே எழுதியதில்லை. குழாய் இரண்டு வாரம் ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் குரூப்பில் இப்போது தடைசெய்யப்பட்டிருப்பது இந்த ஐந்து சொற்களும் இவற்றின் உறவுக்காரச் சொற்களும் மட்டும்தான்.

2023 வெள்ளத்துல உங்க குரூப்ல என்ன நடந்துச்சு?

இதை எழுத எனக்குத் தயக்கமாக இருந்தது. ஆனால் இந்தப் பக்கத்தை எழுதவே அதுதான் காரணம்.

மிக்ஜாம் புயல் அடித்தது 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில். எங்கள் தெருவில் கீழ்வீடுகளில் இடுப்பளவு தண்ணீர். கரண்ட் இல்லை. எல்லோருக்கும் போனில் பத்து, பதினைந்து சதவீதம்தான் சார்ஜ். இரண்டாவது சந்தில் இருக்கும் அக்கா மாலை ஆறு மணிக்கு மேல் ஒரு செய்தி போட்டார்: 'அம்மாவுக்கு இன்சுலின் தீந்துடுச்சி, யார்கிட்டனா இருக்கா?'

அதற்கு அடுத்த நிமிடம் யாரோ ஒரு வீடியோ ஃபார்வர்டு செய்தார்கள். மழைநீர் வடிகாலுக்குச் செலவான கோடிகள் எங்கே என்று. நியாயமான கேள்விதான். அதற்குக் கீழே, 'பத்து வருஷம் நீங்க என்ன கிழிச்சீங்க' என்று ஒருவர். அப்புறம் 2015ல் ஏரி திறந்த கதை. அப்புறம் அடைமொழிகள். ராத்திரி பத்து மணிக்குள் நூற்றுக்கும் மேல் செய்திகள். அதில் ஆறு நான் எழுதியவை. அட்மின் நான், நிறுத்தச் சொல்லவேண்டியவன். இன்சுலின் செய்தி மேலே எங்கோ போய்விட்டது. நான் அதைப் பார்த்தேன், யாராவது பதில் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. காலையில் பால் பாக்கெட்டைத் தலையில் வைத்துத் தண்ணீரில் நடந்து வந்த பையனிடம் அக்கா சொல்லியிருக்கிறார். அவன் இரண்டு வீடு தள்ளி இருந்தவரிடம் சொன்னான். அவர் வீட்டில் அதே மருந்து இருந்தது. ஃப்ரிட்ஜ் ஓடாததால் மண்பானைத் தண்ணீருக்குள் டம்ளரில் வைத்துக் காப்பாற்றி வைத்திருந்தார். அவரும் எங்கள் குரூப்பில்தான் இருக்கிறார். சண்டை ஓடியதால் மியூட் செய்துவிட்டாராம். அந்தச் செய்தியைப் பார்க்கவே இல்லை.

இரண்டு வீடு.

அப்போ கோபப்படவே கூடாதுன்னு சொல்றீங்களா? எல்லாரும் நடுநிலையா இருக்கணுமா?

கூடாது என்று யார் சொன்னது? வடசென்னையில் உட்கார்ந்துகொண்டு கோபப்படாமல் இருக்க முடியாது. ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கும் அனல்மின் நிலையச் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தில் கொட்டியது. அதே 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் கலந்து எண்ணூர் வரை போய், படகும் வலையும் கறுத்தன. அது காய்வதற்குள் 26ஆம் தேதி நள்ளிரவு அம்மோனியாக் கசிவு. பெரியகுப்பத்து ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். கொடுங்கையூர்க் குப்பைமேடு எத்தனை வருடமாக எரிந்து புகைகிறது! இதற்கெல்லாம் 'நானும் நியாயம், நீயும் நியாயம்' என்று பேசுவது அயோக்கியத்தனம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சாதிக் கொடுமையைப் பற்றி ஒரு தலித் இளைஞர் குரூப்பில் எழுதினால், உடனே 'ஒற்றுமையைக் கெடுக்காதே' என்று சொல்ல நாலு பேர் வருகிறார்கள். அநியாயத்தைச் சொல்வது பிளவு ஆகாது. வாயை மூடவைத்துக் கிடைக்கிற அமைதிக்காக நான் இந்தப் பக்கத்தை எழுதவில்லை.

நான் பிரித்துப் பார்ப்பது ஒன்றைத்தான். கோபம் யார் மேல் போய் விழுகிறது? எண்ணெயை விட்டவர் மேல், கண்டுகொள்ளாத அதிகாரி மேல், வாக்கு கொடுத்து மறந்தவர் மேல் விழுந்தால் அது நடக்கவேண்டிய அரசியல். அதே எண்ணெயில் வலை கெட்டுப்போன பக்கத்து வீட்டுக்காரர் மேல், அவர் இன்ன கட்சிக்கு ஓட்டுப் போட்டார் என்பதற்காக விழுந்தால், எண்ணெயை விட்டவருக்கு அதைவிடச் சௌகரியம் ஏது? 2025ல் கொடுங்கையூர் எரிஉலைத் திட்டத்தை எதிர்த்து மக்கள் மனிதச் சங்கிலியாக நின்றபோது, எனக்கு ஒரு பக்கம் கை கோத்தவர் யார் தெரியுமா? குரூப்பில் என்னை மூன்று மாதமாகத் திட்டிக்கொண்டிருந்தவர். கை வியர்த்திருந்தது. அவருக்கும்தான் மூச்சு முட்டுகிறது.

எதிர்த்தரப்பு பதிவுகளையும் படிச்சா மனசு மாறிடும்னு சொல்றாங்களே?

நானும் அப்படித்தான் நம்பினேன். கிறிஸ் பெயில் என்பவர் தலைமையில் 2018ல் வந்த ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்துவிட்டது. அமெரிக்காவில் ட்விட்டர் பயன்படுத்துகிறவர்களுக்குப் பணம் கொடுத்து, ஒரு மாதம் எதிரணிப் பதிவுகளைப் பார்க்கவைத்தார்கள். குடியரசுக் கட்சிக்காரர்கள் முன்னைவிட இறுகிப்போனார்கள். ஜனநாயகக் கட்சிக்காரர்களிடமும் கொஞ்சம் அதே திசையில் நகர்வு தெரிந்தது, ஆனால் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. மனம் இளகிய தரப்பு என்று ஒன்றும் இல்லை.

யோசித்தால் புரிகிறது. நம் கண்ணில் படுவது எதிரணியின் சராசரி மனிதர் இல்லை, அவர்களிலேயே அதிகமாகக் கத்துகிற ஆள். அவரைத் தினமும் பார்த்தால் யாருக்குத்தான் பிடிக்கும்?

போனை ஒரு மாசம் தூக்கிப் போட்டா?

2018 அமெரிக்கத் தேர்தலுக்கு முன் நான்கு வாரம் ஃபேஸ்புக்கை மூடிவைத்தவர்களைப் பொருளியல் அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். கொள்கை விஷயத்தில் தீவிரம் கொஞ்சம் குறைந்தது, மனநிலையும் கொஞ்சம் நன்றாக இருந்தது, செய்தி அறிவும் குறைந்தது. எதிர்க்கட்சிக்காரர் மேல் இருந்த வெறுப்பில் பெரிய மாற்றம் தெரியவில்லை. ஆகவே ஓய்வுக்கு நல்லது, மருந்து என்று சொல்லமாட்டேன்.

வதந்தி வேற, கட்சிப் பகை வேற இல்லையா?

இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அவன் கெட்டவன் என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தால், அவனைப் பற்றி வரும் எந்தப் பொய்யும் உண்மைபோலவே இருக்கும்.

2018 மே மாதம் பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்ற வாட்ஸ்அப் புரளி தமிழ்நாட்டின் வடபகுதியெங்கும் ஓடியது. நமக்கு வடக்கே பழவேற்காட்டில் ஊர் பேர் தெரியாத ஒருவரை அடித்துக் கொன்றார்கள். அடித்தவர்கள் ரவுடிகள் இல்லை, பிள்ளைகளைப் பெற்றவர்கள். இப்படி நாடு முழுவதும் நடந்த பிறகுதான் அந்த வருடம் ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஃபார்வர்டை ஐந்து பேருக்கு என்று சுருக்கியது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குரூப்புக்கோ மட்டும்தான் அனுப்பலாம் என்று ஆக்கியது. செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருக்கிறதே, அது அந்த அடையாளம்தான். அதைப் பார்த்ததும் விரலை நிறுத்திப் பழகுங்கள்.

2023 மார்ச்சில் திசை திரும்பி வந்தது. பீகார்த் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. வேறு ஊர்களில், வேறு காரணத்துக்கு நடந்த சண்டைக் காட்சிகள் அவை. தமிழ்நாடு போலீஸ் மறுத்தது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது, வழக்குகள் பதிவாயின. எங்கள் சந்து முனையில் ஒரு குடோனில் எட்டுப் பையன்கள் தங்கியிருந்தார்கள். ஊரிலிருந்து அவர்கள் அம்மாக்கள் போன் போட்டு அழுதார்கள். கீழ்வீட்டு ஆயா அந்தப் பையன்களில் ஒருவனை வீடியோ காலில் பிடித்துவைத்து, தன் வீட்டுத் தட்டில் இட்லி வைத்து, அவன் அம்மா பார்க்கச் சாப்பிடவைத்தார். ஆயாவுக்கு இந்தி தெரியாது. 'பாருமா, சாப்புட்றான் பாரு' என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லாத்துக்கும் ஐடி விங்தானே காரணம்?

காசு கொடுத்து ஆள் வைத்து வெறுப்பைச் செய்கிறார்கள் என்பது உண்மை. எந்தக் கட்சியும் இதில் சுத்தம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் குரூப்பில் ஐடி விங் ஆள் ஒருவர்கூட இல்லை. அங்கே தயாராகும் சரக்கை நம் வாசலுக்குக் கொண்டுவருவது நம் மாமா, நம் தம்பி, சமயத்தில் நாம்.

ஒரு நல்ல விஷயத்துக்குக்கூடக் குரூப் ஒண்ணா சந்தோஷப்படமாட்டேங்குதே?

2024 நவம்பரில் புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர் காசிமா அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினாள். ஆட்டோ ஓட்டுகிறவர் மகள், நம்ம பொண்ணு. அன்றைக்குக் குரூப் முழுக்கப் பட்டாசு எமோஜிதான். அதுவும் கொஞ்ச நேரம். அப்புறம் எந்த அரசு எவ்வளவு கொடுத்தது, எது ஏன் கொடுக்கவில்லை என்று தொடங்கிவிட்டது. அப்படித் தொடங்கும்போது நான் இப்போது ஒன்று செய்கிறேன். அவள் ஆடுகிற வீடியோவை மறுபடி போடுகிறேன். சில நாள் பலிக்கிறது.

குரூப்பில் பெண்கள் ஏன் அரசியல் பேசுவதில்லை?

பேசினார்கள். ஒரு தங்கச்சி ஒரு தலைவரைப் பற்றி விமர்சனம் எழுதினாள். அவள் சொன்ன கருத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை, அவள் புரொஃபைல் படத்துக்குத்தான் பதில் வந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவள் மாமியார் வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பியவரை அன்றே நீக்கினேன், அதற்காக எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அவள் திரும்ப எழுதவில்லை. இப்படிப் போனவர்களெல்லாம் போக மிச்சம் இருக்கும் கூச்சலைத்தான் 'மக்கள் கருத்து' என்று எண்ணிக்கொள்கிறோம்.

அட்மின் என்ன செய்யலாம்? மத்தவங்க போடுற பதிவுக்கு என்மேல கேஸ் வருமா?

சட்டம் முதலில். அடுத்தவர் போட்ட பதிவுக்காக, வெறும் அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்பதுதான் நீதிமன்றங்கள் எடுத்திருக்கும் போக்கு. 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அட்மின் வேலை மட்டும்தான் பார்த்தார் என்றால் அவர் பெயரைக் குற்றப்பத்திரிகையிலிருந்து நீக்கவேண்டும் என்றது. 2022ல் கேரள உயர் நீதிமன்றமும் அதே வழியில் சொன்னது. நீங்களே சேர்ந்து தூண்டினால் அது வேறு.

இனி அனுபவம். முதலில் அரசியலே கூடாது என்று தடை போட்டேன், படுதோல்வி. வார்டு கவுன்சிலரிடம் மனு கொடுப்பதும் அரசியல்தானே? எதை விடுவது, எதைத் தடுப்பது என்று நானே கட்சிக்காரன் ஆகிவிட்டேன். அதை எடுத்துவிட்டோம்.

பலன் தந்தவை இரண்டு. வெள்ளத்துக்குப் பிறகு 'ஆத்திர அவசரம்' என்று தனியாக ஒரு குரூப் வைத்தோம். மருந்து, ரத்தம், ஆம்புலன்ஸ், தண்ணீர், இது மட்டும்தான். வேறு எது வந்தாலும் அட்மின் அழித்துவிடுவார், விளக்கம் கிடையாது. அதில் இதுவரை ஒரு சண்டைகூட வந்ததில்லை. வீட்டுக்கு ஒருவராவது அதை மியூட் செய்யாமல் வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, இருவர் முட்டிக்கொண்டால் குரூப்பில் பஞ்சாயத்து பண்ணுவதில்லை. நேரில் போய்விடுவேன். 'அண்ணே, ராத்திரி அப்படி எழுதிட்டீங்களே' என்று வாசலில் நின்று கேட்டால் பாதிப் பேர் வெட்கப்படுகிறார்கள். மீதிப் பேர் உள்ளே கூப்பிட்டு அரைமணி நேரம் திட்டுகிறார்கள். அதுவும் நல்லதுதான், மனதில் இருப்பது வெளியே வருகிறது. பார்க்க இருநூறு பேர் இல்லாதபோது யாரும் அந்த அடைமொழிகளைச் சொல்வதில்லை என்பதைக் கவனித்திருக்கிறேன்.

என் மச்சானும் நானும் ஒரு மீமால ஒரு வருஷமா பேசலை. யார் முதல்ல பேசணும்?

யாருக்கு முதலில் முடிகிறதோ அவர். மீமைப் பற்றிப் பேசாதீர்கள், மன்னிப்புக் கேட்கச் சொல்லாதீர்கள். வேறு ஒரு வேலையை வைத்துக்கொண்டு போங்கள். பைக் வேண்டும், பையனுக்கு டியூஷன் விசாரிக்கவேண்டும், ஏதாவது. கேட்டு வாங்குகிற உதவிக்கு உறவில் ஒரு மரியாதை உண்டு.

குரூப்பை விட்டு வெளியேறிட்டா தப்பா?

தப்பில்லை. உடம்பு படபடக்கிறது, தூக்கம் கெடுகிறது என்றால் போய்விடுங்கள். 'ஆத்திர அவசரம்' குரூப்பில் மட்டும் இருங்கள்.

கேரம் கிளப்ல பேசாம இருந்தாங்களே ரெண்டு பேர், அவங்க என்ன ஆனாங்க?

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கிளப்பில் பதினான்கு வருடம் டபுள்ஸ் ஜோடியாக ஆடியவர்கள் இவர்கள். ஒருவர் ஹார்பர், இன்னொருவர் ஷேர் ஆட்டோ. 2017ல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தல் ஏப்ரலில் ரத்தாகி டிசம்பரில் நடந்ததே, அதற்கு முன் இருவரும் ஒரே கட்சி. அந்த எட்டு மாதத்தில் ஆளுக்கு ஒரு அணியாகிப் போனார்கள். அப்போதும் ஆட்டம் நிற்கவில்லை. பல வருடம் கழித்து ஒரு தேர்தல் நேரத்தில் ஒருவர் படத்தை வைத்து இன்னொருவர் மீம் ஃபார்வர்டு செய்தார். அவர் செய்ததுகூட இல்லை, எங்கிருந்தோ வந்தது, அனுப்பிவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. அந்த வருடப் பொங்கல் டோர்னமெண்டில் ஆளுக்கொரு புது ஜோடியோடு ஆடி, இருவரும் முதல் ரவுண்டிலேயே வெளியே போனார்கள்.

அடுத்த வருடம் சீட்டு எழுதிய பையன்கள் யாரையும் கேட்காமல் இருவர் பேரையும் சேர்த்து எழுதிவிட்டார்கள். இருவரும் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லாமல் வந்து உட்கார்ந்தார்கள். டபுள்ஸில் ஜோடி எதிரெதிரேதான் உட்காரவேண்டும். பார்ட்னருக்கு யோசனை சொல்வதும் சைகை காட்டுவதும் கூடாது. அதனால் பேசாதவர்கள் ஆடுவதற்கு அதைப்போல வசதியான ஆட்டம் இல்லை. பவுடர் போட்ட போர்டுக்கு மேலே அந்த மஞ்சள் பல்பு, சுற்றி நாங்கள் பதினைந்து பேர். ஹார்பர்க்காரர் ரெட் காயைப் போட்டார், அதைத் தொடர்ந்து போடவேண்டிய ஃபாலோ காயை விட்டுவிட்டார். ரெட் நடுவுக்குத் திரும்ப வந்தது. அடுத்த சுற்றில் ஆட்டோக்காரர் அதைப் போட்டு ஃபாலோவும் போட்டார். ஸ்ட்ரைக்கரைத் துடைத்துக்கொண்டே தலை நிமிராமல், 'அவசரப்படாத' என்றார்.

யோசனை சொன்னதாக எதிர் ஜோடி ஃபவுல் கேட்டது. அம்பயர் கொடுக்கவில்லை.

செமிஃபைனலில் தோற்றார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆடுகிறார்கள். போன் இரண்டும் ஜன்னல் கட்டையில் கவிழ்ந்து கிடக்கும். மீமைப் பற்றி இதுவரை பேசவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஒருவர் இன்னும் தினமும் கட்சி ஸ்டேட்டஸ் போடுகிறார். இன்னொருவர் அதை மியூட் செய்து வைத்திருக்கிறார்.